கப்பலைக் கூப்பிடும் விளக்கு: சென்னைக் கலங்கரை விளக்கம் எப்படி வேலை செய்கிறது?

இருட்டிய பிறகு மெரினாவில் உழைப்பாளர் சிலைக்குப் பின்னால் மணலில் போய் நின்று தெற்கே பாருங்கள். சாந்தோம் பக்கம் கலங்கரை விளக்கம் தெரியும். செல்போனில் ஸ்டாப்வாட்ச் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பளிச்சென்று ஓர் ஒளி வந்து போகும். கொஞ்ச நேரத்திலேயே இன்னொன்று வரும். அப்புறம் இருட்டு. மறுபடியும் இரண்டு பளிச், மறுபடியும் இருட்டு. ஒரு ஜோடியின் முதல் பளிச்சிலிருந்து அடுத்த ஜோடியின் முதல் பளிச் வரை எண்ணினால் 10 விநாடி வரும்.

அந்தக் கணக்குதான் இந்த விளக்கின் பெயர். கடலில் வருகிற மாலுமியிடம் ஒரு பட்டியல் இருக்கும். எந்தக் கரையில் எந்த விளக்கு, அது எத்தனை விநாடிக்கு எத்தனை முறை மின்னும், எவ்வளவு தூரம் தெரியும் என்றெல்லாம் அதில் போட்டிருக்கும். 10 விநாடிக்கு இரண்டு வெள்ளை மின்னல் என்றால் அது சென்னை. பக்கத்தில் இருக்கிற மாமல்லபுரத்துக்கும் பழவேற்காட்டுக்கும் தனித்தனி விளக்கு உண்டு. அவற்றின் தாளம் வேறு. எல்லாம் ஒரே மாதிரி மின்னினால் விளக்கு இருந்தும் பயனில்லை. ஏதோ ஓர் ஊர் வந்துவிட்டது என்று மட்டும்தான் தெரியும், எந்த ஊர் என்று தெரியாது.

கலங்கரை விளக்கம் என்றதும் நம்மில் நிறையப் பேர் மனதில் வருவது கடல்மேல் வெளிச்சம் அடிக்கிற பெரிய டார்ச். அந்த வெளிச்சத்தில் பாறையையும் அலையையும் பார்த்துக் கப்பல் ஓட்டுவார்கள் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த வெளிச்சத்தில் யாரும் எதையும் பார்ப்பதில்லை. விளக்கைத்தான் பார்க்கிறார்கள். 'நான் இங்கே இருக்கிறேன், நான் இன்ன விளக்கு' என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. அதைக் கேட்டுத் தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போட்டுக்கொள்வது மாலுமியின் வேலை.

இந்த விஷயம் தமிழில் பெயரிலேயே இருக்கிறது. 'கலங்கரை' என்பதில் வருகிற கரையைக் கடற்கரை என்றுதான் நானும் பல காலம் நினைத்திருந்தேன். கரைதல் என்றால் கூப்பிடுதல். காக்கை கரைகிறது என்று சொல்கிறோமே, அதே கரைதல். கலம் என்றால் கப்பல். கலத்தைக் கரையும் விளக்கம், அதாவது கப்பலைக் கூப்பிடுகிற விளக்கு. சிலப்பதிகாரத்தில் 'கலங்கரை விளக்கம்' என்ற சொல் அப்படியே வருகிறது. அதற்கு முந்தைய பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தில் இருந்த விளக்கு மாடத்தை ஐந்து வரியில் படமாகவே காட்டிவிடுகிறார். வானத்துக்கு முட்டுக்கொடுத்தது போல ஊன்றிய தூண், ஏணி சாத்தி ஏற வேண்டிய, ஏறுவதற்கே கடினமான உச்சி, மேலே வேயாத மாடம், அதில் இரவில் மூட்டிய தீ, அந்தத் தீ 'ஓடுகலம் கரையும் துறை'. வேயாத மாடம் என்ற இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். ராத்திரி முழுக்கத் தீ எரிகிற இடத்தில் ஓலையும் புல்லும் வேய முடியாதே! ஒரு கலங்கரை விளக்கத்துக்கு என்னென்ன வேண்டும் என்பது அந்த வரிகளில் முழுசாக இருக்கிறது: உயரம், தீ, கூப்பிடும் வேலை. அதற்குப் பிறகு இரண்டாயிரம் வருஷமாக நடந்தது எல்லாம் இந்த மூன்றையும் மெருகேற்றியதுதான்.

முதலில் உயரம்

ஏன் இவ்வளவு உயரமாகக் கட்ட வேண்டும்? பூமி உருண்டை என்பதால். கடல் நமக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் தூரம் போகப் போக வளைந்து கீழே இறங்குகிறது. வளைவுக்கு அந்தப் பக்கம் இருப்பது நம் கண்ணுக்குத் தெரியாது.

இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. கண்ணின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று கிடைக்கும். மெரினா மணலில் நிற்கிற ஒருவரின் கண் தரையிலிருந்து ஒன்றே முக்கால் மீட்டர் உயரத்தில் இருந்தால், தொடுவானம் ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. முடிவே இல்லாதது போலத் தெரிகிற கடலில் நாம் பார்ப்பது அவ்வளவுதான்.

இப்போது கட்டுமரத்தில் உட்கார்ந்து வருகிற ஒரு மீனவரை எடுத்துக்கொள்வோம். அவர் கண் நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம். அவருக்குத் தொடுவானம் மூன்றரை கிலோமீட்டர். கரையில் மூன்று மீட்டர் உயரத்துக்கு மணல்மேடு இருந்தால், அதன் பங்கு இன்னொரு ஆறு கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் பத்து கிலோமீட்டர்கூட வராது. அதைத் தாண்டிவிட்டால் பகலிலேயே அவருக்கு அந்த மணல்மேடு தெரியாது. ஆனால் இன்றைய மெரினா விளக்கின் ஒளி கடல்மட்டத்திலிருந்து சுமார் 57 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் பங்கு மட்டும் 27 கிலோமீட்டர். ஆக, கரை கண்ணை விட்டு மறைந்து இன்னும் இருபது கிலோமீட்டர் உள்ளே போன பிறகும் விளக்கு அவருக்குத் தெரியும். கப்பலின் மேல்தட்டில் 20 மீட்டர் உயரத்தில் நிற்கிற அதிகாரிக்கு 43 கிலோமீட்டரிலேயே தெரிந்துவிடும். காற்று ஒளியைக் கொஞ்சம் கீழ்நோக்கி வளைக்கிறது என்பதால் நிஜத்தில் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும்.

விளக்கு கண்ணுக்கு வருவதற்கு முன்னாலேயே அதன் சாயல் வந்துவிடும் என்பது இன்னொரு அழகான விஷயம். தொடுவானத்துக்குக் கீழே இருக்கிற விளக்கின் ஒளிக்கற்றை மேலே உள்ள ஈரக்காற்றில் பட்டு, வானத்தின் அடிவாரத்தில் மங்கலாக ஒன்று வீசி வீசிப் போகும். அந்த மங்கலிலேயே தாளத்தை எண்ணிவிடலாம். கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் ஒரு புள்ளி முளைக்கும். அந்த நொடியில் மாலுமி தூரத்தையும் கணக்குப் போட்டுவிடலாம். விளக்கின் உயரமும் தன் கண்ணின் உயரமும் தெரியும், மேலே சொன்ன கணக்கும் தெரியும், வேறென்ன வேண்டும்?

மதராசப்பட்டினத்துக்கு ஏன் இது உயிர்ப் பிரச்சினை

சில துறைமுகங்களுக்கு மலை உண்டு. தூரத்திலேயே மலையைப் பார்த்து அடையாளம் சொல்லிவிடலாம். சில ஊர்களுக்கு இயற்கையாகவே ஒரு குடா இருக்கும், உள்ளே நுழைந்துவிட்டால் அலை இருக்காது. மதராசப்பட்டினத்துக்கு இரண்டும் இல்லை. வடக்கேயும் தெற்கேயும் ஒரே நேர்கோடாகப் போகிற தட்டையான மணற்கரை. எது சாந்தோம், எது கோட்டை, எது ராயபுரம் என்று கடலிலிருந்து ராத்திரியில் பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. வடக்கே பழவேற்காட்டுப் பக்கம் மணல்திட்டுகள் வேறு. கணக்குத் தப்பினால் கப்பல் தரைதட்டும்.

துறைமுகமே அப்போது கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி, திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் மசூலா படகில்தான் கரைக்கு வர வேண்டும். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை தூக்கி மணலில் அடிக்கும்போது ஆணி அடித்த படகு உடைந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். அந்த அலையில் அந்தப் படகை ஓட்டத் தெரிந்தவர்கள் இந்தக் கரையின் மீனவர்களும் படகோட்டிகளும் மட்டுமே. ஒரு பெரிய வணிக நகரம் இருநூறு வருஷத்துக்கு மேல் அவர்கள் தோளில்தான் நடந்தது. துறைமுகம் கட்டும் வேலை 1870களில் தொடங்கியது. 1881இல் வந்த புயல் கட்டியதைப் பெரும்பாலும் அடித்துக்கொண்டு போய்விட்டது. திரும்பக் கட்டினார்கள்.

இப்படிப்பட்ட கரையில் முதல் விளக்கு 1796இல் வந்தது. அதற்கென்று தனியாகக் கோபுரம் எதுவும் கட்டவில்லை. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இன்று அருங்காட்சியகமாக இருக்கிற கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒரு பெரிய விளக்குக் கூண்டை ஏற்றி வைத்தார்கள். அதில் எரிந்தது தேங்காய் எண்ணெய்! கூண்டுக்குள் திரி போட்ட விளக்குகள். வீட்டில் அகல் ஏற்றுகிறவர்களுக்கு அதன் பாடு தெரியும். திரி கருகும், புகை படியும், காற்றடித்தால் சுடர் ஆடும். ராத்திரி முழுக்க ஒருவர் பக்கத்திலேயே இருந்து திரியைக் கிள்ளி, எண்ணெய் ஊற்றி, கண்ணாடியைத் துடைக்க வேண்டும். ஒரு கப்பல் பத்திரமாக நங்கூரம் போட்டதற்குப் பின்னால் அந்த மொட்டைமாடியில் தூங்காமல் இருந்த ஒருவர் இருக்கிறார்.

அடுத்தது கல்லில் வந்தது. கோட்டைக்கு வடக்கே, இன்றைய உயர்நீதிமன்ற வளாகத்தில், கிரேக்கக் கோயில் தூணைத் தனியாகப் பெயர்த்து நிறுத்தியது போல ஒரு கருங்கல் தூண் இருக்கிறதே, அதுதான் இரண்டாவது கலங்கரை விளக்கம். மதராஸ் இன்ஜினியர்ஸ் படையைச் சேர்ந்த கேப்டன் ஜே. டி. ஸ்மித் கட்டியது. கல் பல்லாவரத்திலிருந்து வந்தது. உயரம் ஏறக்குறைய 125 அடி. 1844 ஜனவரி 1ஆம் தேதி விளக்கேற்றினார்கள், ஐம்பது வருஷம் எரிந்தது. இன்று அதன் உச்சியில் விளக்கில்லை. சுற்றி வாகனங்களும் கறுப்புக் கோட்டுகளும் ஓடிக்கொண்டிருக்க, யாரும் அண்ணாந்து பார்க்காமல் நிற்கிறது. இந்த நகரத்தில் எனக்கு மிகவும் பிடித்த கட்டுமானம் அது. ஒரே ஒரு வேலைக்காகக் கட்டிய ஒன்றைக்கூட இவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறார்கள்.

சின்னச் சுடர், பெரிய ஒளி

இனி விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். ஒரு சுடரை எடுத்துக்கொண்டால் அதன் ஒளி எல்லாப் பக்கமும் போகிறது. மேலே வானத்துக்கு, கீழே தரைக்கு, பின்னால் ஊருக்கு. கடலில் தொடுவானத்தை நோக்கிப் போகிற மெல்லிய பட்டை மட்டும்தான் மாலுமிக்குப் பயன்படும். மற்றதெல்லாம் வீண். சுடரைப் பெரிதாக்கினால் வீணாவதும் சேர்ந்து பெரிதாகும். ஆகவே இருக்கிற ஒளியைத் திருப்பிவிடுவதுதான் வழி.

முதலில் ஒளியை எதிரொளிக்கிற தட்டை வைத்துத் திருப்பினார்கள். சுடருக்குப் பின்னால் பளபளப்பான குழிந்த உலோகத் தட்டு. பின்னால் போகிற ஒளி அதில் பட்டு முன்னால் திரும்பும். கார் ஹெட்லைட்டுக்குள் பார்த்திருப்பீர்கள், அதே வேலை. ஆனால் அந்தக் காலத்துத் தட்டில் ஒளியில் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடும். கடல் காற்றில் சீக்கிரம் கறுத்தும் போகும்.

லென்ஸ் வைக்கலாமே என்றால் அதிலும் சிக்கல். வீட்டில் இருக்கிற பூதக்கண்ணாடியை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தடிமன், ஓரத்தில் மெலிசு. அதை ஓர் ஆள் உயரத்துக்குச் செய்தால் நடுவில் எவ்வளவு தடிமன் வரும்! அவ்வளவு கண்ணாடியைக் குமிழி இல்லாமல் வார்க்க முடியாது, வார்த்தாலும் தூக்க முடியாது, தூக்கினாலும் அந்தத் தடிமனுக்குள்ளேயே ஒளி மங்கிவிடும்.

இதற்குத் தீர்வு கொண்டுவந்தவர் ஓகுஸ்தென் ஃபிரெனெல் என்ற பிரெஞ்சுக்காரர். சாலை போடுகிற பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே ஒளியைப் பற்றி ஆராய்ந்தவர். அவருக்குப் பிடிபட்டது இதுதான்: ஒளி வளைவது கண்ணாடியின் மேற்பரப்பில். உள்ளே இருக்கிற தடிமனில் அது நேராகத்தான் போகிறது. அப்படியானால் அந்தத் தடிமன் எதற்கு? மேற்பரப்பின் வளைவை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதைக் கழித்துவிட்டால் என்ன?

ஒரு முழு முட்டைக்கோஸை நினைத்துக்கொண்டு, மேல் இலைகளின் வளைவை மட்டும் வட்ட வட்டமாக வெட்டி எடுத்து ஒரே மட்டத்தில் அடுக்கியது போல. நடுவில் ஒரு சின்ன வட்ட லென்ஸ். அதைச் சுற்றி வளையம், அதைச் சுற்றி இன்னொரு வளையம். ஒவ்வொரு வளையத்தின் சாய்வும் தன் பங்கு ஒளியைச் சரியாகத் தொடுவானத்தை நோக்கித் திருப்புகிற மாதிரி செதுக்கியிருக்கும். இதன் மேலேயும் கீழேயும் முக்கோணப் பட்டகங்கள் வந்து சேர்ந்தன. வானத்துக்கும் தரைக்கும் போய் வீணாகிற ஒளியை அவை பிடித்து மடக்கி, அதே பட்டையில் சேர்த்துவிடும். 1823இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் ஃபிரெனெல் தன் லென்ஸைப் பொருத்தினார். நான்கே வருஷத்தில், 39 வயதில், காசநோயால் இறந்துபோனார். அவருக்குப் பிறகு கடலோர உலகம் முழுக்க அந்த லென்ஸ்தான்.

பக்கத்தில் நின்று பார்த்தால் அது விளக்கு மாதிரியே இருக்காது. தேன்கூட்டைக் கண்ணாடியில் செய்து நிறுத்தியது போல இருக்கும். முதல் தரம் என்று சொல்லும் பெரிய அளவு, ஓர் ஆளைவிட உயரம். உள்ளே ஒருவர் தாராளமாக நிற்கலாம். அதன் நடுவே எரிவதோ ஒரு சின்னச் சுடர். அந்தச் சுடரைத்தான் முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர் பார்க்கிறார்.

நான் அறிந்து வியந்த இன்னொன்று, மின்னுகிற விளக்கு உண்மையில் அணைந்து எரிவதில்லை என்பது. இப்படிச் சுழலும் அமைப்பில் விளக்கு நடுவில் விடாமல் எரிந்துகொண்டே இருக்கும். அதைச் சுற்றியிருக்கிற லென்ஸ்தான் சுழலும். லென்ஸின் ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் ஒரு கற்றை, வண்டிச் சக்கரத்தின் ஆரம் போல வெளியே நீண்டிருக்கும். சக்கரம் சுழலச் சுழல அந்த ஆரங்கள் கடல்மேல் சுற்றும். ஓர் ஆரம் உங்கள் கண்ணைக் கடக்கிற நொடியில் பளிச். இரண்டு ஆரங்களை அருகருகே வைத்து, பிறகு இடைவெளி விட்டால் இரண்டு பளிச், அப்புறம் இருட்டு. கண்ணாடியை எப்படி அடுக்குகிறோம், எவ்வளவு வேகத்தில் சுழற்றுகிறோம் என்பதில்தான் விளக்கின் பெயர் எழுதப்படுகிறது.

டன் கணக்கில் எடையுள்ள கண்ணாடியை எப்படிச் சுழற்றினார்கள்? பாதரசத்தில் மிதக்கவிட்டார்கள். வட்டமான தொட்டியில் பாதரசம் ஊற்றி அதன்மேல் லென்ஸை வைத்துவிட்டால் ஒரு விரலால் தள்ளினால் போதும், சுழலும். தள்ளுவதற்கு ஒரு பெரிய கடிகாரப் பொறி. கோபுரத்தின் உள்ளே ஓர் எடைக்கல் மெல்ல மெல்லக் கீழே இறங்கும், அந்த இழுப்பில் லென்ஸ் சுழலும். கல் அடிமட்டத்துக்கு வருவதற்குள் காவலர் சாவி கொடுத்து அதை மறுபடி மேலே ஏற்ற வேண்டும். ராத்திரியில் பல முறை. தாளம் தப்பக்கூடாது. தப்பினால் ஊரின் பெயர் மாறிவிடும்.

நீதிமன்றத்தின் தலையில் விளக்கு

1892இல் உயர்நீதிமன்றக் கட்டடம் எழுந்தது. அதன் குவிமாடங்களில் மிக உயரமானது கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 175 அடி. பக்கத்திலேயே நிற்கிற கருங்கல் தூணைவிட உயரம். உயரமே உயிர் என்று மேலே பார்த்தோம் அல்லவா, அதனால் விளக்கு அங்கே குடியேறியது. 1894 ஜூன் 1ஆம் தேதி நீதிமன்றக் குவிமாடத்தின் உச்சியில் ஏற்றினார்கள். பகலில் கீழே வழக்கு, இரவில் மேலே விளக்கு. உலகத்தில் இப்படி ஒரு கட்டடம் அபூர்வம். அங்கே மண்ணெண்ணெய் எரிந்தது. மண்ணெண்ணெயை ஆவியாக்கி, மேண்டில் என்கிற வலைத்துணியை வெண்மையாகச் சுடரவிடுகிற முறை பிறகு கலங்கரை விளக்கங்களில் பரவலானது. திருவிழாக்களில் பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பார்த்தவர்களுக்கு அதன் உஸ்ஸென்ற சத்தமும் வெளிச்சமும் நினைவிருக்கும். அதே தத்துவம்.

இந்த விளக்கின் காலத்தில்தான் எம்டன் வந்தது. 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில், கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மதராஸுக்கு எதிரே வந்து நின்றது. உலகப் போர் தொடங்கிப் பல வாரங்கள் ஆகியும் ஊர் விளக்கொளியில் இருந்தது. கலங்கரை விளக்கமும் எரிந்துகொண்டிருந்தது. இருட்டில் வருகிற பீரங்கிக் கப்பலுக்கு இதைவிட என்ன வேண்டும்? விளக்கு எங்கே இருக்கிறது என்பது வரைபடத்தில் இருக்கிறது. அதை வைத்துத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம், அங்கிருந்து இலக்கு எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ளலாம். அரை மணி நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர்நீதிமன்ற மதிலில் குண்டு விழுந்த இடத்தில் இன்றும் கல்வெட்டு உண்டு. பயந்த மக்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். கப்பலின் பெயரோ தமிழில் தங்கிவிட்டது. 'அவன் சரியான எம்டன்' என்று இன்றும் சொல்கிறோமே, அது அந்த ராத்திரியில் பிறந்தது.

கூப்பிடுகிற விளக்கு நண்பன், பகைவன் பார்ப்பதில்லை. போர்க்காலத்தில் கடலோர விளக்குகளை அணைத்துவிடுவது இதனால்தான்.

மெரினாவுக்கு வந்த கதை

1977 ஜனவரியில் விளக்கு மூன்றாவது முறையாக இடம் மாறி இப்போதைய இடத்துக்கு வந்தது. சென்னைவாசிகளுக்கு அது வெறும் 'லைட் ஹவுஸ்'. பஸ் நிறுத்தத்துக்கும் அந்தப் பெயர்தான். பதினோரு மாடி கான்கிரீட் கோபுரம், முக்கோண வடிவம், சிவப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பட்டை. லிஃப்ட் உள்ள கலங்கரை விளக்கம் என்பது இதற்கு ஒரு சிறப்பு. பாதுகாப்புக் காரணங்களால் நீண்ட காலம் பொதுமக்களுக்கு மூடியிருந்து 2013 நவம்பரில் திறந்தார்கள். ஒன்பதாவது மாடிப் பார்வைத் தளம் வரை போகலாம்.

சிவப்பு வெள்ளைப் பட்டை அழகுக்காக அடித்ததாக நினைத்துவிடாதீர்கள். பகலில் விளக்குக்கு வேலை கிடையாது. அப்போது அடையாளம் சொல்ல வேண்டியது கோபுரத்தின் உடம்பு. பின்னால் வெள்ளைக் கட்டடங்கள் நெருக்கமாக இருக்கிற ஊரில் முழு வெள்ளைக் கோபுரம் தொலைந்துபோகும். பட்டை போட்டால் பளிச்சென்று பிரிந்து தெரியும். இரவில் தாளம் செய்கிற வேலையைப் பகலில் இந்தப் பட்டை செய்கிறது. அதேபோல, நகரம் ஒளிரத் தொடங்கிய பிறகு தாளத்தின் அருமை இன்னும் கூடிவிட்டது. கடலிலிருந்து பார்த்தால் சென்னை முழுக்க வெளிச்சம்தான். விளம்பரப் பலகை, தெருவிளக்கு, கிரேன் உச்சி விளக்கு எல்லாம் ஒரே குவியல். அந்தக் குவியலில் 10 விநாடிக்கு இரண்டு முறை மாறாமல் மின்னுவது ஒன்று மட்டும்தான்.

இந்த விளக்கின் ஒளி 28 கடல் மைல் வரை எட்டக்கூடியது. அதாவது ஏறக்குறைய 52 கிலோமீட்டர். நாம் போட்ட கணக்கில் கப்பல் அதிகாரிக்கு 43 கிலோமீட்டர்தானே வந்தது, மீதி எங்கே என்று கேட்கலாம். ஒளியின் வலிமை வேறு, பூமியின் வளைவு விடுகிற தூரம் வேறு. இரண்டில் எது குறைவோ அதுவரைதான் தெரியும். மழையிலும் மூடுபனியிலும் வலிமை கைவிட்டுவிடும், தெளிந்த இரவில் வளைவு மறைத்துவிடும்.

ஜிபிஎஸ் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பைபர் படகில் போகிறவர்கள் கையிலேயே இப்போது ஜிபிஎஸ் இருக்கிறது. ஆனால் அந்தச் சிக்னல் வெகு தூரத்திலிருந்து வருகிற மெல்லிய சிக்னல். அதை அடக்கவும் முடியும், பொய்யான இடத்தைக் காட்டவைக்கவும் முடியும். பேட்டரி தீரலாம், கருவிக்குள் உப்புத் தண்ணீர் போகலாம். விளக்கைப் பார்ப்பதற்குக் கண்ணும் ஒரு திசைகாட்டியும் போதும். மாலுமி செய்வது இதுதான்: தெரிகிற ஒரு விளக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று திசைகாட்டியில் பார்த்து, வரைபடத்தில் அந்த விளக்கிலிருந்து தன் பக்கம் ஒரு கோடு இழுப்பார். தான் அந்தக் கோட்டில் எங்கோ இருக்கிறோம். இன்னொரு விளக்கோ தெரிந்த ஓர் அடையாளமோ கிடைத்தால் அதிலிருந்தும் ஒரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கப்பல் இருக்கிறது. கருவி சொல்வதும் இந்தக் கோடுகள் சொல்வதும் ஒத்துப்போனால் நிம்மதியாக வரலாம். ஒத்துப்போகவில்லை என்றால் வேகத்தைக் குறைத்துவிட்டு யோசிக்க வேண்டும். பல உயிர்கள் இருக்கிற கப்பலில் ஒரே ஒரு கருவியை மட்டும் நம்பி யாரும் துறைமுகத்துக்குள் நுழையமாட்டார்கள்.

செலவு யாருடையது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியக் கலங்கரை விளக்கங்களைப் பராமரிப்பது மத்திய அரசின் கலங்கரை விளக்கங்கள் துறை. துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களிடம் இதற்கென்றே கட்டணம் வசூலிக்கிறார்கள். 1927ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக 2021இல் புதுச் சட்டம் வந்தது. விளக்கோடு ரேடார், ரேடியோ அடையாளக் கருவிகள் எல்லாவற்றையும் அது சேர்த்துக்கொண்டது.

மேலே போகிறவர்கள் கடலை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அடியில் நொச்சிக்குப்பத்துப் படகுகள் மணலில் வரிசையாகக் கிடக்கும். வடக்கே மெரினா முழுவதும் நீண்டு, அதன் முடிவில் துறைமுகத்து கிரேன்கள் தெரியும். அவற்றுக்கு வெளியே, துறைமுகத்துக்குள் இடம் கிடைக்கக் காத்திருக்கும் கப்பல்கள் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். மசூலா படகுகளின் காலத்தில் நின்ற அதே கடலில்தான் நிற்கின்றன. அந்தி சாயும்போது அந்தக் கப்பல்களில் ஒவ்வொன்றாக விளக்கு வரும். உங்கள் தலைக்கு மேலேயும் லென்ஸ் சுழலத் தொடங்கும்.